இருபத்திரண்டு காட்டிய பெட்டி

"ஏணியை எடுங்க!"

கீழே இருந்து வந்த குரல். மேலே, உச்சிப் படியில் நின்றவன் ஏணியை எடுக்கிற நிலைமையில் இல்லை. மாடி வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி சுவரில் பாதி கழன்று தொங்கியது. ஒரு கையால் அதைத் தாங்கியிருந்தான். இன்னொரு கையில் ஸ்பேனர். பல்லிடுக்கில் ஒரு ஸ்க்ரூ.

"உங்களைத்தான்... காது கேக்குதா?"

ஸ்க்ரூவைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு பதில் சொன்னான். "ரெண்டே நிமிஷம் மேடம். இப்ப கையை விட்டா பெட்டி உங்க தலையிலதான் விழும்."

"கேட்டை அடைச்சு ஏணியும் போடுவீங்க, தலையில பெட்டியும் போடுவீங்களா? வெயில்ல நிக்கிறேன் சார்!"

"நானும் மர நிழல்ல நிக்கலையே மேடம்..."

அவள் ஸ்கூட்டர் ஹாரனில் கட்டைவிரலை வைத்தாள். எடுக்கவே இல்லை. தெருவில் இரண்டு ஜன்னல் திறந்து மூடியது. அவன் அவசரமாகப் பெட்டியை முடுக்கிவிட்டு இறங்கினான். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் இறங்கினான்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். பெரிய கண்கள்தான்... மறுக்க முடியாது. ஆனால் அவன் முதலில் பார்த்தது கண்ணை இல்லை. நெற்றியில் கிளம்பிய ஒரு சொட்டு வியர்வை, மூக்கின் நுனிக்கு வந்து நின்றுவிட்டது. அதைத் துடைக்கக்கூட மறந்து அவனை முறைத்தாள். அந்தச் சொட்டு விழுமா, விழாதா... பார்த்துக்கொண்டே நின்றான். சொட்டு விழுவதற்கு முன்னால் அவன் விழுந்துவிட்டான்.

இப்படித்தான் ஆகும். நல்ல புத்தி உள்ளவனுக்கும் இப்படித்தான் ஆகும். இவனுக்கு அவ்வளவு நல்ல புத்தியும் கிடையாது.

அவள் பார்வை அவன் கைப்பைக்குப் போனது. "ஏசி மெக்கானிக்கா?"

"பாத்தா டாக்டர் மாதிரியா தெரியுது?"

"டாக்டரா இருந்தா இந்நேரம் என்னை உள்ள படுக்க வெச்சிருப்பீங்க. சரி, வாங்க. எங்க வீட்டு ஏசி பத்து நாளா சரியாவே குளிரலை. இதே கேட்டுதான்... பின்னாடி இருக்கிற தனி வீடு."

அவனுக்குக் கன்னத்தில் இருந்த ஸ்க்ரூ தொண்டைக்குப் போகப் பார்த்தது.

பின்னாடி வீடு. அந்த வீட்டு ஏசி ஏன் குளிரவில்லை என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அந்த வீட்டுப் பெரியவர். இன்னொருவன் இவன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பெரியவர் இவனைக் கூப்பிட்டிருந்தார். மனைவியும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம். பம்ப் ஹவுஸில் முப்பது வருஷம் மோட்டார் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷர். மனைவிக்கு இருதயம் பலவீனம். உடம்பில் நீர் சேராமல் இருக்க மாத்திரை. இந்த வெயிலில் வெந்துகொண்டு படுத்தால் மயக்கம் வரும், அறை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் இருந்த சேமிப்பை உடைத்து ஏசி வாங்கியாயிற்று. முதல் கரண்ட் பில் வந்த அன்று பெரியவர் சாப்பிடவில்லை.

"அந்த மீட்டர் சுத்துறது எனக்கு நெஞ்சுக்குள்ள சுத்துது தம்பி," என்றார். "அதிகமா போடாதேன்னு அவகிட்ட சொல்ல வாய் வரலை. சீக்காளி. சொன்னா நான் என்ன மனுஷன்? அதனால... ரிமோட்ல அவ இருபத்திரண்டு வெச்சுக்கட்டும். பெட்டியும் இருபத்திரண்டுன்னே காட்டட்டும். ஆனா உள்ள அவ்வளவு ஓடக் கூடாது. அப்படி ஒரு வழி இருக்கா?"

வழி இருந்தது. ஏசிக்குள் ஒரு சின்ன சென்சார் உண்டு, விரல் நகம் அளவு. அறைக்காற்று எவ்வளவு சூடு என்று அதுதான் மெஷினுக்குச் சொல்லும். அதை அதன் இடத்திலிருந்து பிடுங்கி, சில்லென்று இருக்கும் காயில் குழாயோடு ஒட்டிச் செருகிவிட்டால் போதும். அறை குளிர்ந்துவிட்டது என்று மெஷின் ஏமாந்து, ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளும். வெளியே இருபத்திரண்டு என்று எழுதிக் காட்டிக்கொண்டே இருக்கும். அறையில் இருப்பதோ இருபத்தொன்பது.

பாவம் வயசானவர், பென்ஷன்காரர் என்று செய்து கொடுத்தான். ஐந்து நிமிஷ வேலை. மறந்தும் போனான்.

இப்போது அந்த வேலைக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள் அவள்.

சின்ன அறை. கட்டிலில் அம்மா. ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். "நீங்களே சொல்லுங்க தம்பி, இது குளிர்ச்சியா? எனக்குத் திகுதிகுன்னு எரியுது. இவங்க ரெண்டு பேரும் அங்க இருபத்திரண்டு எழுதியிருக்குன்னு சொல்றாங்க. நான் எழுத்துக்குள்ளயா படுத்திருக்கேன்?"

"அம்மா, காட்டுதுல்லம்மா..." என்றாள் மகள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்து எழுதுகிறவள். எட்டு வருஷமாக அந்த எண்ணை நம்பித்தான் மற்றவர்களின் ரத்தத்தை உள்ளே வைக்கிறாள். எண் என்றால் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. சொந்த அம்மாவைவிடக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை.

அவளுக்குப் பின்னால் பெரியவர் நின்றார். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்தார்... அவ்வளவுதான்.

ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்தான். சென்சார் அவன் செருகிய இடத்திலேயே இருந்தது. எடுத்துப் பழைய இடத்தில் மாட்ட அரை நிமிஷம் போதும். கை போனது... நின்றது. திடீரென்று குளிர்ந்தால், என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்பாள். பெரியவர் மாட்டுவார். இவனும் மாட்டுவான். இந்தப் பெரிய கண்கள் முதல் நாளே இவனைத் திருடன் என்று பார்க்கும்.

மூடினான்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க மேற்குச் சுவர்தான் பிரச்சனை. மத்தியானம் பூரா வெயில் வாங்குது."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் நம்பவில்லை. லேப் புத்தி. "நாளைக்கு ஒரு தெர்மாமீட்டர் கொண்டாந்து பாத்துரவா?"

"எதுக்கு மேடம்... என்கிட்டயே இருக்கு." பையிலிருந்து எடுத்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. பெட்டியில் காற்று வெளியேறும் வாயில் வைத்தான். எந்த ஏசியிலும் அந்த இடம் சில்லென்றுதான் இருக்கும். "பாருங்க... பதினாறு."

அவள் குனிந்து பார்த்தாள். காற்றில் அவள் நெற்றி முடி பறந்து அவன் மணிக்கட்டில் பட்டது. "ஆமா... பதினாறு," என்றாள் மெதுவாக. எண்ணைப் பார்த்துச் சொன்னாளா, அவனைப் பார்த்துச் சொன்னாளா, தெரியவில்லை.

பொய்யான எண்ணைக்கூட அவன் காட்டவில்லை. உண்மையான எண்ணைத் தப்பான இடத்தில் வைத்துக் காட்டினான். இந்த வகைப் பொய்தான் ரொம்ப நாள் நிற்கும்.

அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுக்கு வந்த வரவு இருக்கிறதே... ஏசி விற்ற கடைக்காரன்கூட அப்படி வரமாட்டான். செய்த தப்பை வேறு வழியில் ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தான். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடித்தான். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு ஜாண் தள்ளித் தட்டி கட்டினான். ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினான். கூலி வாங்கவில்லை. வெயில் உச்சியில் நின்று அடித்ததில் காது மடல் தோல் உரிந்தது. மழை வந்து கொஞ்சம் கைகொடுக்கும் என்று பார்த்தான். வரவில்லை. இந்தக் கதையில் மழை கிடையாது.

அவள் தண்ணீர் சொம்போடு மாடிக்கு வருவாள்.

"ஏசிக்காரரே, எங்க வீட்டை வெள்ளையடிச்சே வெளியூருக்குத் தூக்கிட்டுப் போயிருவீங்க போல?"

"வீட்டை வெச்சுக்கங்க மேடம். ஆளை மட்டும்தான் தூக்குறதா இருக்கேன்."

"ஆசைதான்! ஏணியை எடுக்கத் தெரியாத ஆளு, ஆளைத் தூக்கப் போறாராம்..."

சொல்லிவிட்டுச் சிரிப்பை மறைக்கக் கீழே குனிந்துகொள்வாள். வெள்ளைத் தளத்தில் பட்ட வெயில் எழும்பி அவள் முகத்தில் அடிக்கும். அந்த வெளிச்சத்தில் இவன் பிரஷ்ஷைத் தண்ணீர்ச் சொம்பில் முக்குவான்.

ஒரு நாள் அவன் கைப்பேசி அடித்தது. அவள்தான் கீழே இருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் எடுக்காததால் மாடிக்கு ஏறி வந்து, சுவர் மேல் அடித்துக்கொண்டிருந்த அவன் போனை எட்டிப் பார்த்துவிட்டாள். திரையில் 'மேற்குச் சுவர்' என்று இருந்தது.

"என்னது! நான் சுவரா?"

அவன் வாடிக்கைக்காரர் யார் பெயரையும் எழுதி வைக்க மாட்டான். எந்த வீட்டில் என்ன கோளாறோ அதுதான் பெயர். 'தண்ணி ஒழுகுது', 'எலி கடிச்ச வயர்', 'சத்தம் போடுற மாமி'. அப்படித்தான் இது மேற்குச் சுவர்.

"மாத்துங்க," என்றாள்.

"என்னன்னு?"

"அதையும் நானே சொல்லணுமா..." என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினாள். காது வரைக்கும் சிவந்திருந்தது. வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவன் மாற்றவில்லை. மாற்றக் கை வரவில்லை. அந்த வீட்டின் கோளாறு சுவர் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

மாடிப் பூச்சும் தட்டியும் வேலை செய்தன. அறையில் இரண்டு டிகிரி இறங்கியது. அப்போது அவனுக்கு ஒன்று புரிந்தது. இனி சென்சாரைச் சரியான இடத்தில் மாட்டி, இருபத்தாறில் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் போதும். அந்த அம்மாவுக்கும் சுகம். பில்லும் பெரிதாக ஏறாது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது இதைத்தான். பெரியவரைத் தெருமுனைக்கு அழைத்துப் போய்ச் சொன்னான்.

பெரியவர் தலையாட்டவில்லை. "இப்ப மாட்டினா திடீர்னு குளிரும். ஏன்னு கேப்பா. என்ன சொல்றது?"

"ஏதாவது சொல்லிக்கலாம் சார்..."

"நீ பொய்யில கெட்டிக்காரன் தம்பி. எனக்கு அந்த ஒண்ணே தாங்கலை. விடு."

விட்டான். அதுதான் இவன் செய்த மூன்றாவது குற்றம். முதல் இரண்டையும்விடப் பெரியது.

ஏனென்றால் அந்த அம்மா நிறுத்தவில்லை. எரியுது என்பார். இருபத்திரண்டும்மா என்பாள் மகள். எனக்கு எரியுதுடி என்பார். கடைசியில் மகள் பயந்துபோய் வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அந்த டாக்டர், குளிர்ந்த அறையில் எரிகிறது என்றால் அது மனசு சம்பந்தப்பட்டது என்று ஒரு மாத்திரை எழுதினார். அதைப் போட்டால் அம்மா பாதி நாள் தூங்கினார். மீதி நாள் சுவரைப் பார்த்தார். எரியுது என்று சொல்வதை நிறுத்திவிட்டார். குணமாகிவிட்டது என்றார் பெரியவர்.

அந்த வாரக் கடைசியில் பெரியவரே இவனைக் கூப்பிட்டார். "என் பொண்ணு உன்னைப் பத்தித்தான் பேசுறா. நீயும் சும்மா வெள்ளையடிக்க வரலை. எனக்குக் கண்ணு இருக்கு." தொண்டையைச் செருமினார். "வந்து கேளு. குடுக்குறேன். ஆனா அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது நம்ம ரெண்டு பேரோட போயிறணும்."

பெண் கொடுக்கிற பேச்சில் இப்படி ஒரு சீர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவன் தலையாட்டினான். ஆட்டத்தான் செய்தான்... பொய் சொல்வானேன்.

மறுநாள் மத்தியானம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். மகள் உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவர் வாசல் அறையில் பேப்பரை விரித்து, படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அம்மா அவனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். அறை புழுங்கியது. கழுத்தில் வேர்க்குரு பழுத்திருந்தது.

"தம்பி... நீங்க வந்த விஷயம் தெரியும். எனக்குச் சந்தோஷம்தான். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன்."

"சொல்லுங்கம்மா."

"எனக்கு மூளையில ஏதோ ஆயிருச்சு. ஏசி ஓடுறப்பவும் எரியுற மாதிரியே இருக்கு. இப்பவும் எரியுது... ஆனா அது பொய்யின்னு தெரியும். நான் வெளியே சொல்றதில்லை." குரலைத் தாழ்த்தினார். "இதைக் காரணம் சொல்லி உங்க வீட்டுல அவளை ஒதுக்கிறக் கூடாது. பைத்தியத்தோட பொண்ணுன்னு... அவ எதிர்ல யாரும் சொல்லிறக் கூடாது. அவ்வளவுதான்."

அவன் எழுந்தான். வராந்தாவிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். பெட்டியின் மூடியைக் கழற்றினான்.

"தம்பி!" என்று வாசல் அறையிலிருந்து ஓடி வந்தார் பெரியவர். "இன்னைக்கு எதுக்கு அதெல்லாம்? இறங்குப்பா..."

காயிலிலிருந்து சென்சாரைப் பிடுங்கினான். அதன் இடத்தில் மாட்டினான். மூடியைப் பொருத்தினான். நல்ல சட்டை முழுக்கத் தூசி. வெளிப்பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது... நாற்பது நாளில் முதல் தடவையாக நிற்காமல் ஓடியது.

கையில் ஈரத்தோடு மகள் வந்து நின்றாள். பத்து நிமிஷம். கால் மணி. அம்மாவின் கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது. ஈரத்துணியை எடுத்துக் கீழே போட்டது. கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்தது.

"குளிருதுடி," என்றார். பிறகு கத்தினார். "குளிருது! எனக்குக் குளிருதுடி!"

மகள் பெட்டியைப் பார்த்தாள். இருபத்திரண்டு. காலையிலும் இருபத்திரண்டு. நேற்றும் இருபத்திரண்டு. "என்ன பண்ணீங்க?" என்றாள் அவனிடம்.

பெரியவர் முந்திக்கொண்டார். "கேஸ் குறைஞ்சிருந்திருக்கும்மா. அதான் தம்பி சரி பண்ணிட்டாரு. இல்லப்பா?"

எவ்வளவு நல்ல பொய். எல்லோருக்கும் பொருந்துகிற பொய். ஆமாம் என்றால் போதும்... சாயந்திரத்துக்குள் சம்பந்தம் பேசி முடித்துவிடலாம்.

"கேஸ் இல்லை," என்றான் அவன். சொன்னான். சென்சார் எங்கே இருந்தது, யார் வைத்தது, யார் வைக்கச் சொன்னது, தெர்மாமீட்டரை ஏன் அந்த இடத்தில் பிடித்தான்... ஒன்று விடாமல் சொன்னான்.

அம்மா கணவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேங்க," என்றார். "கரண்டு கட்ட முடியலடின்னு ஒரு வார்த்தை... விசிறிக்கிட்டு இருந்திருப்பேனே. வேகுறது எனக்குப் புதுசா? இப்படி என்னைப் பைத்தியமாக்கிட்டீங்களே..."

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பம்ப் ஹவுஸில் முப்பது வருஷம் நின்ற கால்.

அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். கேட் வரைக்கும் அவள் பின்னாலேயே வந்தாள். வெயில் கொளுத்தியது. இரண்டு பேரும் நிழலுக்குப் போகவில்லை.

"இன்னைக்கு என்ன கேக்க வந்தீங்க?" என்றாள்.

"வேண்டாம் மேடம்..."

"கேளுங்க. எதையும் பாதி மறைச்சு வெக்காதீங்க."

"உங்களைக் கட்டிக்கத்தான் கேக்க வந்தேன். பிடிச்சிருந்தது. ஏணிக்குக் கீழ நின்னு திட்டுனீங்களே, அப்பவே. பிடிச்சதாலதான் முதல் நாளே உண்மையைச் சொல்லாம விட்டேன்... திருடன்னு நினைச்சிருவீங்களோன்னு."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். பெரிய கண்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் காய்ந்து கிடந்தன.

"ரூம் எத்தனை டிகிரின்னு பாக்கணும்னா ரூம்ல வெச்சுப் பாக்கணும்," என்றாள். "இது லேப்ல சேர்ந்த முதல் நாள் சொல்லிக்குடுத்தது. நீங்க தப்பான இடத்துல வெக்கிறீங்கன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் உங்க முகத்தைப் பாத்துட்டு நின்னேன். அம்மாவை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனது நான். அந்த மாத்திரையை வாயில போட்டுத் தண்ணி குடுத்தது நான். உங்களை மட்டும் எப்படித் திட்டுறது?"

"திட்டுங்க... திட்டிட்டு..."

"திட்டிட்டுக் கட்டிக்கிறதா?" சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "உங்க கூட வாழ்ந்தா, குழம்புல உப்பு சரியா இருக்குன்னு நீங்க சொன்னாக்கூட நான் அடுத்த வீட்டுல குடுத்து ருசி பாக்கச் சொல்லணும். அப்படி ஒரு குடும்பமா?"

அவன் பையைக் கை மாற்றிப் பிடித்தான். அவள் போனை எடுத்தாள்.

"அந்த மெஷினுக்கு வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணணும்ல? வேற ஒரு மெக்கானிக் நம்பர் குடுங்க."

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்காரு... கொஞ்சம் மெதுவா செய்வாரு. ஆனா ஒழுங்கா செய்வாரு."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். "இன்னொரு தடவை," என்றாள். சொன்னான். சரிபார்த்தாள். அதோடு விடவில்லை. அவன் எதிரிலேயே அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"ஹலோ... ஏசி மெக்கானிக்தானே? ... ஒண்ணுமில்லைங்க. நம்பர் சரியான்னு பாத்தேன்."

போனை மூடினாள். கேட்டைத் திறந்து பிடித்தாள். அவன் வெளியே கால் வைத்த பிறகுதான் சொன்னாள். சண்டை போடுகிற அதே குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது பொய் இல்லை. போங்க."